இரண்டு இரவு, எல்லாம் சேர்ந்த விலை: கபினியா, வால்பாறையா, செட்டிநாடா?

வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு போட்டால் இரண்டு இரவு கையில் கிடைக்கும். அதை ஊருக்கு வெளியே, கொஞ்சம் சொகுசாக, சாப்பாட்டுக் கவலையோ பில் கவலையோ இல்லாமல் கழிக்க நினைப்பவர்களுக்குத் தென்னிந்தியாவில் இப்போது இடங்களுக்குப் பஞ்சமில்லை. விலைதான் மலைக்க வைக்கிறது. நல்ல ரிசார்ட் ஒன்றில் ஒரு தம்பதிக்கு ஓர் இரவுக்குக் கேட்கிற தொகையில் சின்ன ஊர்களில் ஒரு மாத வீட்டு வாடகையே கொடுத்துவிடலாம். எனவே எந்த இடம் அழகு என்று படம் பார்த்து முடிவு செய்வதற்கு முன், எந்த இடத்தில் இப்படி மொத்தமாகப் பணம் கட்டுவது நியாயம் என்று பார்த்துவிடுவது நல்லது.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. ரிசார்ட் கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது? வெளியே சாப்பிடவும் சுற்றவும் ஒன்றும் இல்லாத இடத்தில் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் எடுப்பது சரி. வெளியே ஓர் ஊரே சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தால், அதே பேக்கேஜ் உங்களை மூன்று வேளையும் ஒரே மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். பணம் கட்டியாயிற்றே என்பதற்காகவே திரும்பி வருவோம். இந்த அளவுகோலை வைத்து நான்கைந்து இடங்களைப் பார்க்கலாம். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

பகல் 2 மணிக்கு அறை கொடுத்து, மூன்றாம் நாள் காலை 11 மணிக்குக் காலி செய்யச் சொன்னால் மொத்தம் 45 மணி நேரம். தூக்கம் போனால் 29. இதற்குள் முழுச் சாப்பாட்டுத் திட்டத்தில் ஆறு வேளை உணவு வரும். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் போய்ச் சேரவில்லை என்றால் அது ஐந்து. வெளியூர்ப் பயணத்தில் முதல் நாள் மதியச் சாப்பாட்டை விடாமல் பிடிப்பவர்கள் குறைவு. எனவே ரயில், சாலை நேரத்தை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும். விளம்பரத்தில் இருக்கிற நீச்சல் குளத்தை வைத்து அல்ல.

அடுத்தது, 'எல்லாம்' என்பதில் எதெல்லாம் அடக்கம் என்பது. நம் ஊர் ஓட்டல்களில் சி.பி. என்றால் அறையும் காலை உணவும். எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியமோ இரவோ ஒரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். காட்டு ரிசார்ட்டுகளில் இதோடு சஃபாரியையும் சேர்த்து 'ஜங்கிள் பிளான்' என்று ஒன்று இருக்கும். வெளிநாட்டில் ஆல் இன்க்ளூசிவ் என்றால் மதுபானமும் சேர்த்தி என்று எதிர்பார்ப்பார்கள். இந்தியாவில் பெரும்பாலும் அது கிடையாது. தண்ணீர் பாட்டில்கூடச் சில இடங்களில் தனி பில்லாக வரும். கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். சாப்பாட்டையும் அறையையும் ஒரே தொகையாகப் பில் போட்டால் பொதுவாக மொத்தத்துக்கும் அந்த விகிதம்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலை உணவோடு மட்டும் 7,000 ரூபாய்க்கு ஓர் அறை கிடைக்கிறது, மூன்று வேளையும் சேர்த்தால் 9,000 என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு வித்தியாசம் 2,000. வரியோடு முதலாவது 7,350, இரண்டாவது 10,620. வித்தியாசம் 3,270 ஆகிவிட்டது. இருவருக்கு மதியமும் இரவும் சேர்த்து நான்கு சாப்பாடு. ஒரு சாப்பாடு 500 என்று நினைத்தது, உண்மையில் 800 ரூபாய்க்கு மேல். பெரிய ரிசார்ட்டுகளில் எப்படியும் 18 சதவீதம்தான் என்பதால் அங்கே இந்தப் பள்ளம் இருக்காது. ஆனால் செட்டிநாட்டுப் பக்கம் விடுதியாக நடக்கும் பழைய வீடுகள் பலவும் இந்த 7,500 ரூபாய் வரம்புக்கு அக்கம்பக்கத்தில் வரக்கூடியவை. அங்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கபினி

கபினி என்ற பெயர் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், சுற்றுலாவால் அல்ல, செய்தியால். ஜூன், ஜூலையில் அந்த அணை நிரம்பித் தண்ணீர் திறந்தால்தான் மேட்டூருக்கு முதல் நல்ல செய்தி. வயநாட்டில் பிறந்து, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு சேருகிற அந்த ஆற்றின் அணை நீர்த்தேக்கம்தான் இந்த ரிசார்ட்டுகளுக்கு எல்லாம் முற்றம். அந்தப் பக்கம் நாகரஹொளே புலிகள் காப்பகம். கோடையில் நீர் வற்ற வற்றக் கரையில் புதுப் புல் முளைக்கும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும் மார்ச் முதல் மே வரை அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். கருஞ்சிறுத்தைக்காகப் பெரிய கேமராவோடு வருகிற கூட்டம் தனி.

இங்கே பழைய இடம் கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தும் கபினி ரிவர் லாட்ஜ். காராபுரத்தில், மைசூர் மன்னர்களின் வேட்டை மாளிகை இருந்த வளாகம். நிறுவனம் தொடங்கியது 1980-ல். அதன் பேக்கேஜ் முறை எளிமையானது. மதியம் வந்து சாப்பிடுகிறீர்கள், தேநீர், மாலை சஃபாரி, இரவு உணவு, மறுநாள் விடியற்காலை மறுபடி சஃபாரி, காலை உணவு, கிளம்ப வேண்டியதுதான். ஓர் இரவுக்கு இரண்டு சஃபாரி, இரண்டு இரவுக்கு நான்கு. நான் எல்லாம் சேர்ந்த விலையை மனதார ஒத்துக்கொள்கிற இடம் இதுதான். சஃபாரி முடிந்து வெளியே வந்தால் நெல் வயலும் பருத்திக் காடும் டீக்கடையும்தான். உணவுக்காக வெளியே போக வழியுமில்லை, தேவையுமில்லை.

விலையை ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஜங்கிள் லாட்ஜஸ் விலையை ஆளுக்கு இவ்வளவு என்று சொல்கிறது, அறைக்கு அல்ல. பக்கத்துத் தனியார் ரிசார்ட்டின் அறை விலையை அதோடு வைத்துப் பார்த்து 'பாதி விலைதானே' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இரண்டால் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள். அப்புறம், தனியார் ரிசார்ட் விலையில் சஃபாரி சேர்த்தியா என்று கேளுங்கள். பல இடங்களில் அது தனி. நீளமான லென்ஸ் கொண்டுபோனால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

தனியாரில் எவால்வ் பேக்தான் பெரிய பெயர். முன்பு ஆரஞ்ச் கவுண்டி என்று இருந்தது. காடு குருபர் மக்களின் குடியிருப்பைப் போலக் குடில்களை அமைத்து, உள்ளே தனிக் குளம், ஜக்குஸி என்று வசதிகளைக் கொட்டியிருக்கிறார்கள். காட்டைவிட்டு வெளியே அனுப்பப்பட்ட ஒரு சமூகத்தின் குடிசை வடிவம் இப்படிச் சொகுசு அறையாக மாறியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் நெருடும். உங்களுக்கு நெருடாமல் போகலாம். ஆனால் விலை விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தனியார் ரிசார்ட்டில் தங்குபவர்களையும் காட்டுக்குள் கூட்டிப்போவது ஜங்கிள் லாட்ஜஸ் வண்டியும் படகும்தான். அறைக்கு எத்தனை மடங்கு கொடுத்தாலும் புலி அதே புலி, ஜீப் அதே ஜீப். இரண்டு நாளில் நான்கு சஃபாரி போகிறவர் அறையில் விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு. எனவே காட்டுக்காகப் போகிறவர் லாட்ஜிலேயே தங்கலாம். அறைக்காகவும் குளத்துக்காகவும் போகிறவர், ஒன்றிரண்டு சஃபாரியோடு நிறுத்திக்கொண்டு, தனியார் இடத்தை எடுக்கலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் பிடிக்கப் பார்த்தால் இரண்டுக்கும் பணம் கட்டி ஒன்றைத்தான் அனுபவிப்போம்.

கபினியில் உண்மையான சிக்கல் வேறு. 2025 நவம்பரில், புலி தாக்கி மனிதர்கள் அடுத்தடுத்து இறந்ததையடுத்து, நாகரஹொளேயிலும் பந்திப்பூரிலும் சஃபாரியைக் கர்நாடக அரசு நிறுத்தியது. காட்டோரக் கிராமத்தவர்களின் கோபம் நியாயமானது, அதைப் பற்றிப் பேச இந்தக் கட்டுரையில் இடமில்லை. ஆனால் பணம் கட்டுகிறவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சஃபாரி இல்லாத கபினி, விலை உயர்ந்த ஓர் ஏரிக்கரை அறை மட்டும்தான். நீங்கள் போகிற தேதியில் சஃபாரி நடக்கிறதா, ஜீப்பா பேருந்தா படகா, திடீரென்று நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

போகிற வழி: சென்னைக்காரர்கள் மைசூர் வந்தே பாரத்தில் விடிகாலை ஏறினால் மைசூரில் இறங்கும்போது நண்பகல் தாண்டிவிடும். அங்கிருந்து கார் பிடித்துப் போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம். மதியச் சாப்பாடு போகும், மாலை சஃபாரிக்கு ஓட வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய இரவு காவேரி எக்ஸ்பிரஸில் தூங்கிக்கொண்டே போய், காலையில் மைசூரில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது மேல். கோவை, ஈரோட்டுக்காரர்களுக்கு திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 வரை கார்களுக்கும் அனுமதி இல்லை. ஊட்டி, கூடலூர் வழியாகப் போனால் பந்திப்பூரிலும் அதே 9 முதல் 6. திரும்பி வரும் நாளில் மைசூரில் கடைசியாக ஒரு பட்டுப்புடவைக் கடை என்று இறங்கினால், இரவு செக்போஸ்டில் காத்திருக்க நேரும்.

குடகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தாபுரம் பக்கம் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் எவால்வ் பேக்கும் மூன்று வேளை உணவோடுதான் வருகிறது. இடம் அருமை, சமையலும் அருமை என்றுதான் போனவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் குடகுக்குப் போகிற யாரும் தோட்டத்துக்குள்ளேயே இருப்பதில்லை. துபாரே யானை முகாம் ஒரு பக்கம், பைலகுப்பே திபெத்திய மடாலயம் ஒரு பக்கம், வழியில் கூர்க் பன்றிக்கறி சாப்பிட ஓர் ஓட்டல். கட்டின மதியச் சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போகும். தோட்டத்தைவிட்டு நகரவே மாட்டோம் என்ற உறுதி இருந்தால் போங்கள்.

வால்பாறை

நகர வேண்டாம் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை வால்பாறைதான். இதை ரிசார்ட் என்று சொல்வதே பொருத்தமில்லை. தோட்ட மேலாளரைப் பெரியதுரை என்றும் அவருக்கு உதவியாக இருந்தவரைச் சின்னதுரை என்றும் அழைத்த காலத்தில், அவர்கள் குடியிருக்கக் கட்டிய பங்களாக்கள். இன்று தேயிலை நிறுவனங்களே அவற்றில் சிலவற்றை விருந்தினர் விடுதியாக நடத்துகின்றன. பாரளை எஸ்டேட்டில் இருக்கும் சின்னதுரை பங்களா அப்படி ஒன்று, ஸ்டான்மோர் பங்களா இன்னொன்று. சில அறைகள் மட்டுமே. சமையல்காரர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர். சூப், ரோஸ்ட், கேரமல் கஸ்டர்ட் என்று பழைய துரைமார் பாணியில் ஒரு வேளையும், மிளகு ரசமும் கோழிக்குழம்பும் என்று அடுத்த வேளையும் வரும். பஃபே கிடையாது. அன்று என்ன சமைத்தார்களோ அதுதான். பஃபே வரிசையில் முப்பது பாத்திரங்களைத் திறந்து மூடி அலுத்துப்போனவர்களுக்கு இதுவே பெரிய சொகுசு.

இங்கே உணவு சேர்ந்த விலை என்பது தேர்வே இல்லை, கட்டாயம். இருட்டிய பிறகு பங்களாவைவிட்டு வெளியே நடக்க விடமாட்டார்கள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்டு, யானை எந்தப் புதரிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. யானை அருகில் இருந்தால் ஊர் மக்களின் கைப்பேசிக்குச் செய்தி போவதும், முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரிவதுமாக ஓர் எச்சரிக்கை ஏற்பாடே அங்கே வேலை செய்கிறது. இந்த நிலையில் இரவுச் சாப்பாட்டுக்கு வால்பாறை பஜாருக்குப் போய் வரலாம் என்பது நடக்காத காரியம்.

கபினியில் சஃபாரிக்குக் கொடுக்கிற பணம் இங்கே மிச்சம். காட்டுமாடு தேயிலைச் சரிவிலேயே மேயும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் சாலையோரம் உட்கார்ந்திருக்கும், மரத்தில் இருவாச்சி பறக்கும் சத்தம் கேட்கும். ஆழியாறிலிருந்து ஏறும்போது வரையாட்டைப் பாறை விளிம்பில் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் புலி பார்த்தே ஆக வேண்டும் என்பவருக்கு இது சரிவராது.

குறைகளும் உண்டு. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. தலைசுற்றல் உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை விடாது, அட்டைகளும் விடாது. மழையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இரண்டு நாளும் படிப்பேன் என்பவருக்கு அது குறையே இல்லை. மற்றவர்கள் டிசம்பருக்கு மேல் போகலாம். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வாங்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் வந்த அதே ஏற்பாடு. வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். ஆழியாறு செக்போஸ்டில் நின்று சிக்னல் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

செட்டிநாடு

இங்கேதான் என் அளவுகோல் தலைகீழாகிறது. இடம் சரியில்லை என்பதால் அல்ல, ஊர் அவ்வளவு நன்றாக இருப்பதால்.

தங்க நல்ல வீடுகள் இருக்கின்றன. காரைக்குடியில் 'பங்களா' என்ற பெயரிலேயே ஒரு விடுதி 1999 முதல் நடக்கிறது, அதன் சமையலுக்காகவே பெயர் பெற்றது. கானாடுகாத்தானில் விசாலம், ஒரு செட்டியார் தன் மகளுக்காகக் கட்டிய ஆர்ட் டெக்கோ பாணி வீடு, இப்போது சி.ஜி.எச். எர்த் நடத்துகிறது. திருமயத்துக்குப் பக்கத்தில் கடியாப்பட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ். முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று வெயிலைத் தெருவிலேயே நிறுத்திவைக்கிற கட்டடங்கள். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் மதியத் தூக்கத்துக்கு ஏ.சி.யைவிடச் சுகம். ஏப்ரல், மே மட்டும் வேண்டாம். அந்த வெயிலுக்கு எந்த வளவும் போதாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம்.

மூன்று வேளையும் சேர்ந்த பேக்கேஜை இங்கே ஏன் எடுக்கக் கூடாது? முதல் காரணம் ரயில். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் மதியம் ஏறி இரவு பத்து மணி வாக்கில் காரைக்குடி. முதல் நாள் மதியமும் இரவும் கட்டிய சாப்பாடு போச்சு. ஆறு வேளையில் நான்குதான் மிச்சம். திருச்சி, மதுரையிலிருந்து காரில் வருபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது காரணம்தான் பெரியது. இந்த ஊரைப் பார்ப்பது என்றாலே வெளியே திரிவதுதான். காலையில் பிள்ளையார்பட்டி. அங்கிருந்து ஆத்தங்குடி போய், கண்ணாடித் தகட்டின்மேல் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி ஒருவர் கையாலேயே பூ வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. பக்கத்திலேயே 'பெரிய வீடு' என்றே பெயர் பெற்ற மாளிகை. பிறகு கானாடுகாத்தான் தெருக்கள், கண்டாங்கிச் சேலை நெய்யும் தறி, திருமயம் கோட்டை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில் பழைய பொருள் கடைகள், எனாமல் தூக்குச்சட்டி முதல் ஊஞ்சல் சங்கிலி வரை. நடுவில் சாப்பாடு எங்கே வாய்க்கிறதோ அங்கே. காரைக்குடி மெஸ்களில் இலை போட்டு உப்புக்கறியும் சுறாப்புட்டும் போடுகிறார்கள், ரிசார்ட் பில்லில் கால்வாசிகூட ஆகாது. சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் தெருவோரத்திலேயே சூடாகக் கிடைக்கும்.

அதற்காக மாளிகைச் சாப்பாட்டையே தவிர்க்கச் சொல்லவில்லை. ஒரு மதியம், ஒரே ஒரு மதியம், பங்களா மாதிரி ஓர் இடத்தில் வாழை இலைச் சாப்பாட்டை முன்பதிவு செய்து நிதானமாகச் சாப்பிடுங்கள். அங்கே தங்காதவர்களும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து சாப்பிடலாம். கழுநீரில் கொதித்த மண்டியும், கவுனி அரிசியும், கந்தரப்பமும் ஒரே இலையில் ஒழுங்காக வருவது கடையில் நடக்காது. அந்த ஒரு வேளைக்கு ரிசார்ட் விலை நியாயமே. ஆறு வேளைக்கு அல்ல. இங்கே காலை உணவோடு அறை, அதற்கு மேல் அப்படி ஒரு சாப்பாடு. வரிக் கணக்கும் இதற்குத்தான் சாதகம் என்பதை மேலே பார்த்தோம்.

இதற்கு விதிவிலக்கு பெரியவர்கள். எண்பது வயது அப்பா அம்மாவோடு போய், அவர்கள் வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும் என்றால், மூன்று வேளை பேக்கேஜ் எடுத்துவிடுங்கள். ஆனால் இந்த வீடுகளில் வாசற்படி உயரம், கட்டுக்குக் கட்டு ஏற்ற இறக்கம். தரைத்தள அறை வேண்டும் என்று பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

கடல் தாண்டி ஒன்று

ஆல் இன்க்ளூசிவ் என்ற சொல்லுக்கு முழுப் பொருளில் நடக்கிற இடம் வேண்டும் என்றால் இலங்கை மலையகத்தில் சிலோன் டீ டிரெயில்ஸ். டில்மா தேயிலை நிறுவனக் குடும்பத்தின் ரெஸ்ப்ளெண்டன்ட் சிலோன் நடத்துவது, 2005-ல் தொடங்கியது. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஐந்து தோட்ட பங்களாக்கள்: காசல்ரீ, டன்கெல்ட், நோர்வுட், சம்மர்வில், டியன்சின். உணவு, மாலைத் தேநீர், மதுபானம், துணி துவைப்பது உட்பட எல்லாம் ஒரே விலைக்குள். காலையில் படுக்கைக்கே தேநீர் வரும். விலை டாலரில், அதைப் படித்துவிட்டு வால்பாறையைப் பார்த்தால் வால்பாறை இலவசம் போலத் தோன்றும்.

சேவையில் இதற்கு இணை நான் மேலே சொன்ன எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு இரவுக்கு வேண்டாம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான், ஆனால் கட்டுநாயக்காவிலிருந்து ஹட்டன் மலையேற நான்கைந்து மணி நேரம் ஆகும். குடியேற்ற வரிசை, விமானத்துக்கு முன்கூட்டிப் போவது எல்லாம் சேர்த்தால் போகவும் வரவும் இரண்டு பகல் அதிலேயே கரையும். குறைந்தது நான்கு இரவு இருந்தால், டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவத்தில், ஓர் இரவு மலையேறுவதையும் சேர்த்துத் திட்டமிடலாம்.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் இன்னொன்றும் உண்டு. பங்களா புல்வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசுவது தமிழ். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்து தமிழ்நாட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், இன்னும் பலர் லயன் அறைகள் என்கிற வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிக்கு அது ஓர் அழகான படம். நமக்கு அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். வால்பாறையிலும் இதே காட்சிதான், விலைச்சீட்டு மட்டும் வேறு. இதற்காகப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போனால் ஓர் அரை நாள் நோர்வுட் கடைத்தெருவில் நடந்து, நாலு பேரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

யாருக்கு எது

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்குக் கபினி, சஃபாரி நடக்கிறது என்று உறுதியானால் மட்டும். அதைவிடச் சின்னக் குழந்தைகளை மூன்று மணி நேரம் ஜீப்பில் சத்தம் போடாமல் உட்கார வைப்பது அவர்களுக்கும் தண்டனை, கூட வருகிறவர்களுக்கும் தண்டனை. முதுகுவலி உள்ளவர்கள் ஜீப்பைவிடப் படகு சஃபாரியைக் கேட்டு வாங்கலாம். கோடையில் அதுவே மேலும்கூட, யானைகள் கரையில்தானே நிற்கின்றன.

இருவர் மட்டும் போய்ப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது பேசாமலே இருக்க வேண்டும் என்றால் வால்பாறை. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் பங்களா முழுவதையும் எடுத்துவிடலாம், சமையல்காரரிடம் மறுநாள் என்ன வேண்டும் என்றும் சொல்லிவைக்கலாம்.

சாப்பாட்டுக்காகவே பயணம் போகிற கூட்டத்துக்குச் செட்டிநாடு, காலை உணவோடு மட்டும். கார் கட்டாயம். சொந்தக் கார் இல்லாவிட்டால் ஒரு நாள் வாடகைக்கு உள்ளூர் ஓட்டுநரைப் பிடியுங்கள். எந்த மெஸ்ஸில் அன்றைக்கு என்ன நன்றாக இருக்கும் என்பது ரிசார்ட் வரவேற்பறையைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பதிவு செய்யும்போது பயண இணையதளத்தில் விலையைப் பார்த்துவிட்டு, ரிசார்ட்டுக்கே ஒரு முறை போன் போடுங்கள். வரியோடு மொத்தம் எவ்வளவு, பிள்ளைகளுக்கு எந்த வயது வரை இலவசம், கூடுதல் படுக்கைக்கு என்ன, முதல் நாள் மதியம் வர முடியாவிட்டால் கடைசி நாள் மதியச் சாப்பாட்டை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் சரி என்பார்கள், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். வார நாட்களில், ஞாயிறு முதல் வியாழன் வரை, விலையும் இறங்கும். வெள்ளிக்குப் பதில் திங்கள்கிழமை விடுப்பு போட முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு இரவு ஒன்றாவது அந்த விலையில் கிடைக்கும்.